தோப்பிலிருந்து சாலை வரை: வெட்டிய தடியைக் கையால் இழுக்கும் தடி வண்டியில் கொண்டுசெல்லும் முறை

வரப்போரத்தில் வளர்ந்த தேக்கையோ, தோப்பின் நடுவே பட்டுப்போன தென்னையையோ வெட்டிச் சாய்ப்பதற்கு ஆள் கிடைப்பது அவ்வளவு கடினமில்லை. சாய்த்த மரத்தைத் துண்டுபோட்ட பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. லாரி நிற்பது சாலையில். தடி கிடப்பது அங்கிருந்து 200 அல்லது 300 அடி உள்ளே. இடையில் வாழை நிற்கிறது, சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது, வரப்புகள் குறுக்கிடுகின்றன. ஜேசிபியை உள்ளே விட்டால் தடி வெளியே வந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் இடிந்த வரப்பைத் திரும்பக் கட்டுவதற்கும் நசுங்கிய குழாயை மாற்றுவதற்கும் ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தால், நான்கைந்து தடிகளை விற்று வரும் பணத்தில் மிஞ்சுவது குறைவு. நெருக்கமாக நட்ட தேக்கில் இடையிடையே மரங்களைக் கலைக்கும்போது நிலைமை இன்னும் மோசம். வெட்டிய தடியைத் தரையோடு இழுத்துவந்தால், விற்பதற்காக அல்லாமல் வளர்ப்பதற்காக விட்டுவைத்த மரங்களின் அடிப்பட்டை உரிந்துவிடுகிறது.

இத்தகைய இடங்களுக்கென்றே அமைந்த எளிய கருவிதான் இரண்டு சக்கரங்களும் ஒரு வளைவும், பிடித்து இழுப்பதற்கு முன்னால் நீளும் ஏர்க்காலும் கொண்ட தடி வண்டி. ஊர் வெல்டிங் பட்டறையிலேயே இதைச் செய்துகொள்ளலாம். இருவர் சேர்ந்து, மாடோ டிராக்டரோ இல்லாமல், 200 கிலோ தடி ஒன்றைச் சமதளத்தில் நகர்த்திவிட முடியும். வண்டியை இதுவரை கையாளாதவர்கள் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைக் கீழே விளக்கியிருக்கிறேன். இழுக்கும் வேலையைப் பற்றிச் சொல்வதைவிட, இழுப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியே அதிகம் சொல்லியிருக்கிறேன். தடி எவ்வளவு எடை, எங்கே கொக்கி மாட்டுவது, எந்த வழியில் போவது என்ற மூன்றையும் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டவருக்கு இழுப்பது பெரிய வேலையாக இருப்பதில்லை.

வண்டியின் அமைப்பு

தடி வண்டிகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் தடி, அச்சின் மேல் வைக்கப்பட்ட தொட்டில் போன்ற சட்டத்தில் படுத்திருக்கும்; அதற்குத் தடியைத் தூக்கி மேலே ஏற்ற வேண்டும் என்பதால், இருவரால் தூக்கக்கூடிய சிறு தடிகளுக்கு மட்டுமே அது ஏற்றது. இரண்டாம் வகையில், இரு சக்கரங்களுக்கும் நடுவே கவிழ்த்த "ப" வடிவ வளைவு நிற்கும். வண்டியைத் தடியின் மேலாகக் கொண்டுவந்து, வளைவின் உச்சியிலுள்ள கொக்கியில் சங்கிலியால் தடியைத் தொங்கவிட வேண்டும். ஏர்க்கால்தான் இங்கே நெம்புகோல்: அதை மேலே உயர்த்தினால் வளைவு பின்னால் சாய்ந்து கொக்கி தாழும், கீழே இறக்கினால் வளைவு நிமிர்ந்து தடி தரையை விட்டு எழும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள மானிஸ்டீ நகரில் சைலஸ் ஓவர்பேக் என்ற வண்டிப்பட்டறைக்காரர் 1870களில் இதே தத்துவத்தில்தான் 10 அடி உயரச் சக்கரங்களைச் செய்து விற்றார். அதுவரை பனிக்காலத்தில் பனிச்சறுக்கு வண்டியை நம்பியே தடிகளை வெளியே கொண்டுவந்தவர்கள், அதன்பின் கோடையிலும் மரம் வெட்டத் தொடங்கினார்கள். நமக்கு 10 அடிச் சக்கரமும் தேவையில்லை, அதை இழுக்கும் குதிரைகளும் தேவையில்லை. இனி நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டாம் வகையைப் பற்றியது.

சக்கரத்துக்கு ஆட்டோரிக்‌ஷாவின் 4.00-8 அளவு டயர் பொதுவாக ஏற்றது. எல்லா ஊரிலும் கிடைக்கும், பஞ்சர் ஒட்ட ஆள் உண்டு, அகலமும் போதுமானது. மோட்டார் சைக்கிள் சக்கரம் உயரமாக இருப்பதால் குழியில் எளிதில் ஏறி இறங்கும் என்று சிலர் அதை விரும்புவார்கள். ஆனால் கம்பிச் சக்கரம் பக்கவாட்டு விசையைத் தாங்காது, வரப்பில் சாய்வாக ஏறும்போது கோணிவிடும். வளைவுக்கு 2 அங்குல ஹெவி வகை இரும்புக் குழாய் வேண்டும். அதில் மெல்லிய வகையும் விற்கிறார்கள் என்பதால் கடையில் கேட்டு வாங்க வேண்டும். வளைவின் உள்ளகலம் இரண்டரை முதல் 3 அடி, அச்சிலிருந்து வளைவின் உச்சி வரை 18 அங்குலம், ஏர்க்காலின் நீளம் 6 அடி என்று வைத்துக்கொண்டால், ஓர் அடி விட்டமுள்ள தடிகள் வரை தாராளமாக அடங்கும். ஏர்க்காலின் நுனியில் இருவர் பிடிக்கும்படி ஒரு குறுக்குக் குழாயும், கயிறு கட்ட ஒரு வளையமும் வேண்டும். சக்கரத்தை அச்சில் நிறுத்தும் கடையாணி வெறும் கம்பியாக இருக்கக் கூடாது. பிளந்து மடக்கும் ஊசியோ திருகாணியோ போட்டிருக்க வேண்டும். இந்த அளவில் செய்த வண்டிக்கு 300 கிலோவை மேல்வரம்பாகக் கொள்வது நல்லது.

வண்டியை விட்டால் முக்கியமானது சங்கிலி. வேலிக்கும் மாட்டுக்கும் கட்டும் சங்கிலியைச் சுமை தூக்கப் பயன்படுத்தக் கூடாது. சுமை தூக்குவதற்கென்றே செய்யப்படும் 80ஆம் தரச் சங்கிலியின் வளையங்களில் 8 அல்லது 80 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும்; அதில் 8 மி.மீ. பருமனுள்ளது நேராகத் தொங்கும்போது 2 டன் தாங்கும் என்று மதிப்பிடப்பட்டது. நம் சுமைக்கு இது மிக அதிகம்தான். ஆனால் கல்லில் உரசி, மழையில் நனைந்து, சுருக்குப் போட்டு இறுக்கப்படும் சங்கிலிக்கு அந்த மிகுதி வேண்டும். நைலான் கயிற்றால் தடியைத் தொங்கவிடுவதைத் தவிர்க்க வேண்டும். அது சுமையில் நீளும், அறுந்தால் தெறித்து ஆளை அடிக்கும்.

இவை தவிர இரண்டு கடப்பாரை, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க நான்கு மரக்கட்டைகள், லாரிக்காரர்கள் பயன்படுத்தும் ரேட்செட் பெல்ட் இரண்டு, கட்டைவிரல் பருமனுக்குக் குறையாத 50 அடிக் கயிறு, அரிவாள், தோல் கையுறை, விரலை மூடும் கெட்டியான காலணி ஆகியவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். செருப்போடு இந்த வேலைக்கு வருபவரைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்பது என் கருத்து.

தடியின் எடையை அறிதல்

பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம், தடியைப் பார்வையாலேயே எடைபோடுவது. மரக்கடையில் சொல்லும் கன அடியை வைத்து எடைபோடுவதும் கிட்டத்தட்ட அதே அளவு தவறானது என்பது பலருக்குத் தெரிவதில்லை. கடையில், தடியின் நடுச்சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கிக் கன அடி சொல்வார்கள். 3 அடிச் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள தேக்குத் தடியை இப்படிக் கணக்கிட்டால் ஏறத்தாழ 5.6 கன அடி வரும். ஆனால் உருண்டையான தடியின் உண்மையான கன அளவு அதுவன்று. அறுக்கும்போது கழியும் பக்கவாட்டுத் துண்டுகளுக்கு ஈடாகக் கடைக்கணக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகவே குறைத்துச் சொல்கிறது. விலைக்கு அது சரி. வண்டிக்கு அது உதவாது, ஏனெனில் கழியப்போகும் பகுதியும் வண்டியில்தான் வருகிறது.

எடைக்காகக் கணக்கிடும்போது, நடுச்சுற்றளவை அடியில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 12.57ஆல் வகுக்க வேண்டும். மேற்சொன்ன தடிக்கு 3 × 3 × 10 ÷ 12.57 என்று 7.16 கன அடி வரும். புதிதாக வெட்டிய மரத்தில் நீர் நிறைந்திருப்பதால், அது ஏறத்தாழத் தண்ணீரின் எடையே இருக்கும் என்று கொள்வது பாதுகாப்பு. ஒரு கன அடித் தண்ணீர் 28 கிலோவுக்குச் சற்று மேல். ஆகவே இந்தத் தடி 200 கிலோ. கடைக்கணக்கை நம்பியிருந்தால் 160 கிலோ என்று நினைத்திருப்போம். சவுக்கு, கருவேலம் போன்ற கெட்டி மரங்களுக்குக் கன அடிக்கு 32 கிலோ என்று கூட்டி வைத்துக்கொள்ளலாம். வெட்டிச் சில மாதம் காய்ந்த மலைவேம்பு போன்ற மென்மரம் இதைவிட வெகுவாகக் குறைவாக இருக்கும், ஆனால் புதியவர்கள் அந்தச் சலுகையைக் கணக்கில் சேர்க்காமல் இருப்பதே மேல்.

300 கிலோவைத் தாண்டும் தடியைத் துண்டுபோட வேண்டும். எங்கே துண்டுபோடுவது என்பதை வாங்குபவரிடம் கேட்ட பிறகே ரம்பத்தை எடுக்க வேண்டும். கதவு நிலைக்கு வேண்டிய நீளத்தில் ஓரடி குறைந்துவிட்டால் அந்தத் தடியின் விலை விறகு விலைக்கு அருகில் வந்துவிடும். துண்டுபோட்டவுடன் கிளை வெட்டிய முடிச்சுகளைத் தடியின் மட்டத்துக்குச் செதுக்கிவிட வேண்டும். துருத்தி நிற்கும் ஒரு முடிச்சு, வழியிலுள்ள ஒவ்வொரு வேரிலும் கல்லிலும் மாட்டிக்கொண்டு நிற்கும்.

வழியைத் தயார் செய்தல்

வண்டியை எடுப்பதற்கு முன், தடி கிடக்கும் இடத்திலிருந்து சாலை வரை வெறுங்கையோடு ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். திரும்பும் இடங்களை அப்போது கவனிக்க வேண்டும். வண்டி இடப்பக்கம் திரும்பினால் தடியின் வால் வலப்பக்கம் வெளியே வீசும். 10 அடித் தடியின் வால் ஒரு வாழைக்கன்றை முறிக்கப் போதுமானது. நேர்கோணத் திருப்பங்களைத் தவிர்த்து, சற்றுச் சுற்றினாலும் வளைவாகப் போகும் வழியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மண்ணின் தன்மை இங்கே பெரும் வேறுபாட்டை உண்டாக்கும். இறுகிய செம்மண்ணில் வண்டி எளிதாக உருளும். டெல்டாவின் களிமண்ணோ கரிசலோ மழைக்குப் பிந்தைய நாட்களில் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே இரண்டு மூன்று நாள் வெயில் காயக் காத்திருப்பது, நான்கு ஆட்களைக் கூடுதலாக அழைப்பதைவிட மலிவு. காத்திருக்க முடியாத நிலையில், காய்ந்த தென்னை மட்டைகளைச் சக்கரத் தடத்தில் குறுக்காக நெருக்கி அடுக்கினால் வண்டி அமிழாமல் போகும். கடற்கரை மணலில் டயர்க் காற்றைச் சற்று இறக்கிவிட்டால் டயர் அகன்று பரவும். சொட்டுநீர்ப் பக்கக் குழாய்களைக் கூடியவரை சுருட்டி ஒதுக்கிவிட வேண்டும். ஒதுக்க முடியாத குழாயின் இருபுறமும் அதைவிட உயரமான மட்டைகளைப் போட்டு, அவற்றின் மேல் பலகையை வைத்தால் சக்கரம் குழாயைத் தொடாமல் கடந்துவிடும். வரப்பைக் கடக்கவும் பலகைதான்: வரப்பின் இருபக்கமும் மண்ணைச் சரிவாக அணைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு பலகைகளைப் போட வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் முதலில் ஏறும்படி கோணலாக வரப்பைக் கடக்கக் கூடாது, வண்டி கவிழ்வது பெரும்பாலும் அப்படித்தான்.

கொக்கி மாட்டித் தூக்குதல்

தடியின் அடிப்பகுதி முன்னால் இருக்கும்படி இழுப்பதே முறை. கிளைகள் நுனியை நோக்கிச் சாய்ந்து வளர்வதால், அடி முன்னால் போகும்போது எஞ்சியிருக்கும் முடிச்சுகள் பின்னோக்கிச் சாய்ந்து வழுக்கிக்கொண்டு வரும். நுனி முன்னால் போனால் அவையே மண்ணைக் குத்தும். தடி தவறான திசையில் கிடந்தால் கடப்பாரையால் நெம்பித் திருப்பிக்கொள்ளலாம். நெம்புவதற்கு முன் தடியின் அடியில் கையை விடாமல், கடப்பாரையால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பது நல்லது. சில நாள் கிடந்த தடியின் கீழ் தேளும் பாம்பும் குடியேறியிருக்கும்.

அடுத்தது சங்கிலியைச் சுற்றும் இடம். அடி பருத்தும் நுனி சிறுத்தும் இருப்பதால், தடியின் சமநிலைப் புள்ளி நடுவில் இல்லாமல் சற்று அடிப்பக்கமாக இருக்கும். மிகச் சரியாக அந்தப் புள்ளியில் தொங்கவிட்டால் முழுத் தடியும் காற்றில் நின்று ஆடும், அது புதியவர்களுக்கு வேண்டாம். அதற்குப் பின்னால் தொங்கவிட்டால் முன்பகுதி தாழ்ந்து மண்ணில் குத்தும். எனவே சமநிலைப் புள்ளிக்கு முன்னால், 10 அடித் தடியில் முன்முனையிலிருந்து ஏறத்தாழ 4 அடியில், சங்கிலியைச் சுற்ற வேண்டும். இப்போது எடையில் ஆறில் ஐந்து பங்கு சக்கரத்தின் மேலும், ஒரு பங்கு மட்டும் வால் வழியாகத் தரையிலும் இறங்கும். முன்முனை ஏர்க்காலின் அடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். தடியின் அடியில் சங்கிலி நுழைய இடமில்லையென்றால், கடப்பாரையால் நெம்பி ஓர் ஆப்பைச் செருகிக்கொள்ள வேண்டும். சங்கிலியின் ஒரு முனையிலுள்ள கொக்கியைச் சங்கிலியிலேயே மாட்டி, இழுக்க இழுக்க இறுகும் சுருக்காகப் போட வேண்டும். தைலமரம் போல் பட்டை எளிதில் உரியும் மரங்களில், சங்கிலி பதியும் இடத்தில் ஒரு முழ அகலத்துக்குப் பட்டையைச் செதுக்கி எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பட்டையும் சங்கிலியும் சேர்ந்தே வழுக்கி வந்துவிடும்.

வண்டியைப் பின்னோக்கித் தள்ளி, இரு சக்கரங்களும் தடியின் இருபக்கமும் வரும்படி நிறுத்துங்கள். ஏர்க்காலை உயர்த்தி வளைவைப் பின்னால் சாயுங்கள். கொக்கி, சங்கிலி சுற்றிய இடத்துக்கு நேர் மேலே வர வேண்டும். சங்கிலியைத் தொய்வே இல்லாமல் மிகக் குட்டையாகக் கொக்கியில் மாட்டுங்கள். இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள்: ஏர்க்கால் முழுவதும் இறங்கினாலும் கொக்கி எழுவது ஏறத்தாழ 9 அங்குலம்தான். அதில் 6 அங்குலத்தைத் தொய்வு எடுத்துக்கொண்டால் தடி 3 அங்குலம் மட்டுமே உயரும், முதல் வேரிலேயே முட்டிக்கொள்ளும்.

சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. வளைவு சாய்ந்திருக்கும்போது கொக்கி அச்சுக்கு ஒன்றேகால் அடி பின்னால் இருக்கிறது. நிமிர்ந்தபின் அச்சுக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. தடி இருந்த இடத்திலேயே நேராக மேலே எழ வேண்டுமானால், சக்கரங்கள் அந்த ஒன்றேகால் அடியைப் பின்னோக்கி உருண்டாக வேண்டும். ஆகவே சக்கரத்தின் முன்பக்கத்தில் கட்டையை ஒட்டி வைத்தும், பின்பக்கத்தில் ஒன்றரை அடி இடைவெளி விட்டும் வைக்க வேண்டும். இருபக்கமும் நெருக்கி வைத்துவிட்டு, ஏர்க்கால் இறங்க மறுக்கிறதே என்று மூவர் அதில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். தடியைத் தூக்குவதற்குப் பதிலாக அதைத் தரையோடு இழுக்கத்தான் அவர்களுடைய வலுவெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

உயர்ந்து நிற்கும் ஏர்க்காலின் நுனி ஆளுயரத்துக்கு மேலே இருக்கும் என்பதால், அதன் வளையத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்து முன்னால் நின்று இழுக்க வேண்டும். தொடக்கத்தில்தான் கனம் அதிகம். தொங்கும் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு விசை வேண்டியிருக்கும். வளைவு நிமிர நிமிர அது குறைந்துகொண்டே வந்து, கொக்கி அச்சுக்கு நேர் மேலே வரும்போது கையில் எடையே தெரியாது. இந்த முழு வேலையிலும் மிக ஆபத்தான கணம் இதற்கு முந்தையது. ஏர்க்கால் பாதி இறங்கிய நிலையில் கை நழுவினால், தடியின் எடை அதை முழு வேகத்தில் மேலே வீசும். தாடையில் பட்டால் எலும்பு முறியும். ஆகவே ஏர்க்காலுக்கு நேர் மேலே முகத்தைக் கொண்டுபோகக் கூடாது, அதை இரு கால்களுக்கு நடுவே வைத்து நிற்கக் கூடாது, தொடங்கிய பிறகு நடுவில் நிறுத்தக் கூடாது. இருவரில் ஒருவர் மட்டுமே சொல் கொடுக்க வேண்டும். மற்றவர் அந்தச் சொல்லுக்குத்தான் இழுக்க வேண்டும்.

ஏர்க்கால் கிடைமட்டத்துக்கு வந்தவுடன், ஒருவர் அதைப் பிடித்திருக்க, மற்றவர் தடியின் முன்பகுதியை ஏர்க்காலோடு ரேட்செட் பெல்ட்டால் இறுக்கிக் கட்ட வேண்டும். இந்தக் கட்டு விழுந்த பிறகே தடியும் வண்டியும் ஒன்றாகின்றன, ஏர்க்கால் இனி மேலே எழாது. பெல்ட் இல்லாமல் கையால் அழுத்திக்கொண்டே போய்விடலாம் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம். இரண்டாவது பெல்ட்டைத் தடியைச் சுற்றி வளைவின் இரு கால்களோடும் கட்டினால், தடி பக்கவாட்டில் ஆடிச் சக்கரத்தில் உரசாது.

இழுத்துச் செல்லுதல்

200 கிலோ தடியைத் தரையோடு இழுக்க 100 கிலோவுக்கு மேல் விசை வேண்டும். மேற்சொன்னபடி தொங்கவிட்டால், உழாத தோப்பு மண்ணில் அது தோராயமாக 40 கிலோவுக்குக் குறைகிறது. இருவர் இடையிடையே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போகக்கூடிய அளவு இது. ஏர்க்காலின் குறுக்குக் குழாயைப் பிடித்து, உடலை முன்னால் சாய்த்து, சிறு அடிகளாக வைத்து நடக்க வேண்டும். மூன்றாவது ஆள் இருந்தால் அவர் கடப்பாரையோடு வாலின் பக்கவாட்டில் நடக்கலாம். வால் எங்காவது மாட்டினால் நெம்பிவிடவும், திருப்பங்களில் வாலை உள்பக்கம் தள்ளவும் அவர் வேண்டும். வாலுக்கு நேர் பின்னால் நடக்கக் கூடாது. குழந்தைகளைத் தடியின் மேல் உட்கார வைத்து இழுப்பது ஊரில் வேடிக்கையாக நடப்பதுண்டு, அதையும் அனுமதிக்கக் கூடாது.

ஏற்றத்தில் கணக்கு மாறும். 10 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றம் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் தடியும் வண்டியும் சேர்ந்த எடையில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும். இரண்டு ஆள் வேலை மூன்று ஆள் வேலையாகிவிடும். சில அடிகளுக்கு ஒருமுறை நின்று, சக்கரத்தின் பின்னால் கட்டை வைத்துவிட்டு ஓய்வெடுக்க வேண்டும். கட்டை வைப்பதற்கென்றே ஓர் ஆள் இருக்க வேண்டும், இழுப்பவரே குனிந்து வைக்க முயலக் கூடாது.

இறக்கம்தான் அச்சம் தர வேண்டிய இடம். ஏற்றத்தில் வலு போதாவிட்டால் வண்டி நிற்கும். இறக்கத்தில் வலு போதாவிட்டால் வண்டி ஓடும், இழுப்பவரோ அதன் முன்னால் நிற்கிறார். எனவே இறக்கம் தொடங்குவதற்கு முன்பே நிறுத்தி, தடியை இறக்கி, சங்கிலியை முன்னால் நகர்த்திக் கட்ட வேண்டும். முன்முனையிலிருந்து இரண்டரை அடியில் கட்டினால் எடையில் மூன்றில் ஒரு பங்கு வாலில் இறங்கி மண்ணில் உரசும், அந்த உரசலே பிரேக் ஆகிறது. 10 அடிக்கு 1 அடி இறங்கும் காய்ந்த சரிவில் இது போதும், வண்டியை இழுத்துத்தான் நகர்த்த வேண்டியிருக்கும். 5 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவில் இதை மட்டும் நம்பக் கூடாது. அங்கே வாலில் ஒரு கயிற்றைக் கட்டி, மேலே நிற்கும் உறுதியான மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒருவர் அதைச் சிறிது சிறிதாக விட வேண்டும். இரண்டு சுற்று இருந்தால் கயிற்றின் உரசலே பெரும்பகுதி எடையைத் தாங்கிக்கொள்ளும். மரத்தின் பட்டை வேகாமல் இருக்க அடியில் சாக்கைச் சுற்றலாம். கயிறு விடுபவர் அதைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. ஏர்க்காலில் இருப்பவர்கள் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி, திசையை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைவிடச் செங்குத்தான சரிவுகளுக்கும், ஈரமான சரிவுகளுக்கும் இந்த வண்டி உரியதன்று.

தென்னையைப் பற்றித் தனியாக

காற்றில் விழும் தென்னையை விற்கிறோமோ இல்லையோ, தோப்பிலிருந்து அகற்றியே ஆக வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளில் தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தபோது, விழுந்தவற்றை அப்புறப்படுத்துவதே விவசாயிகளின் பெரும்பாடாக இருந்தது. கிடந்து மக்கும் தண்டுகளில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, நிற்கும் மரங்களின் குருத்தைத் துளைக்கும். தென்னைத் தண்டு அடி முதல் நுனி வரை பருமனில் அதிகம் மாறாமலும் முடிச்சே இல்லாமலும் இருப்பதால் வண்டிக்கு மிக வசதியானது. ஆனால் வெளிப்புறம் கெட்டியாகவும் உள்ளே நீர் கோத்த சோறாகவும் இருப்பதால் பச்சைத் தண்டு எதிர்பார்த்ததைவிடக் கனக்கும். 10 அடிக்கு மேல் துண்டுபோட வேண்டாம். அறுத்த முனைகளில் நார் சிலிர்த்து நிற்கும், கையுறை இல்லாமல் பிடித்தால் ஊசியாக ஏறும்.

இறக்கி அடுக்குதல்

சாலையோரத்தில் தடியை நேராக மண்ணில் போடாமல், முன்கூட்டியே 6 அடி இடைவெளியில் இரண்டு படுக்கைக் கட்டைகளைப் போட்டு வைக்க வேண்டும். லாரியில் ஏற்றும்போது கயிறு நுழைய இடமிருக்கும், கரையானும் எளிதில் ஏறாது. தொங்கிவந்த தடியில் மண்ணும் கல்லும் ஒட்டியிருக்காது என்பதால் மில்லில் ரம்பம் மழுங்குவதும் குறையும். தடியைத் தரையோடு இழுத்துவந்து, பட்டையில் புதைந்த கற்களோடு மில்லுக்கு அனுப்புபவர்களை அறுப்பவர்கள் முகம் சுளித்தே வரவேற்பார்கள்.

இறக்கும் வரிசை, தூக்கிய வரிசைக்கு நேர் எதிரானது. சக்கரத்தின் பின்னால் கட்டையை ஒட்டி வையுங்கள். இறக்கும்போது வண்டி முன்னோக்கி உருளும் என்பதால் முன்பக்கம் ஒன்றரை அடி விட்டு வையுங்கள். ஏர்க்காலின் கயிற்றை ஒருவர் இறுகப் பிடித்திருக்க, பெல்ட்டுகளை மற்றவர் அவிழ்க்க வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஏர்க்காலை உயரவிட வேண்டும். வேலை முடிந்த நிம்மதியில் பெல்ட்டை அவிழ்த்த கையோடு விட்டுவிடுவதால்தான் தூக்கும்போது நேராத விபத்து இறக்கும்போது நேர்கிறது. தடி படுக்கைக் கட்டையில் அமர்ந்து, சங்கிலி தொய்ந்த பிறகே அருகில் போய்க் கொக்கியை எடுக்க வேண்டும். அடுக்கின் இரு ஓரங்களிலும் உள்ள தடிகளுக்கு ஆப்பு வைக்க வேண்டும்.

லாரி வருவதற்கு முன் அனுமதிச் சீட்டுப் பற்றியும் பார்த்துவிட வேண்டும். சொந்த நிலத்து மரமானாலும் வகையைப் பொறுத்தும் இடத்தைப் பொறுத்தும் விதிகள் மாறுகின்றன. மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதையே 1955இல் இயற்றப்பட்ட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சந்தனம் போன்றவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. வெட்டுவதற்கு முன்பே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதுதான் வழி, வெட்டி அடுக்கிய பிறகு கேட்பதில் பயனில்லை.

வேலை முடிந்ததும் வண்டியைக் கழுவி, வளைவின் மூலைகளிலும் ஏர்க்கால் சேரும் இடத்திலும் வெல்டிங்கில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்ணம் பூசிய இடத்தில் துருக்கோடு தெரிந்தால் அது விரிசலாகவே இருக்கும். சங்கிலியின் வளையங்களை ஒவ்வொன்றாக விரலால் உருட்டிப் பார்த்து, ஒரு வளையம் நீண்டோ தேய்ந்தோ இருந்தால் அந்தச் சங்கிலியைச் சுமை தூக்கும் வேலையிலிருந்து விலக்கிவிட வேண்டும். பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து, டயரில் காற்று நிரப்பி, ஏர்க்காலைத் தரையில் படுக்க வைத்தே வண்டியை நிறுத்த வேண்டும். நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்தால் கோழி ஏறி உட்கார்ந்தாலும் விழுந்துவிடும்.